மஞ்சப்பை கட்டிய பலாமரம்

1

"மரங்களும் மதங்களும்னு சிறப்பிதழ் போடறோம். ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார் பத்திரிகை ஆசிரியர் அருணா.

"எனக்குக் கல்யாணம் பண்ணிவைக்கத்தான் தெரியும், அருணா. இத்தனை நாவல்லயும் வேற என்ன செஞ்சிருக்கேன்?"

"அப்ப மரத்துக்குப் பண்ணிவைங்க. அரசுக்கும் வேம்புக்கும் ஊர்ல பண்றாங்கல்ல?"

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். போதி மரத்தடியில் அல்ல; அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்க, தொலைபேசியில். அரசும் வேம்பும் எனக்குச் சரிப்படவில்லை. சண்டையே போடாத தம்பதி. ஒரு அத்தியாயம்கூட ஓடாது. ஆகவே கொல்லிமலை ஏறி ராஜதுரையிடம் வந்தேன்.

2

முதல் தொடக்கம்: மனிதன் தோன்றுமுன்பே மரம் இருந்தது. அதன் கிளைகளில் உலகத்து ஞானமெல்லாம்—

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்: ராஜதுரை, பெரக்கரை நாடு என்னும் மலையூரில் பலாப்பழ வியாபாரி. பிஞ்சிலேயே மரத்தை விலை பேசி, பழுத்ததும் பழங்களை வெட்டி லாரி ஏற்றுவான். பாப்பாயி வீட்டுப் பலாவைப் பேசியதில் மட்டும் அவனுக்கு லாபம் கிடையாது. சக்கை அதிகம், சுளை கம்மி. ஆனால் பாப்பாயிக்குச் சுமதி என்றொரு மகள். செம்மேட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி, இரண்டு பலாப் பருவமாக ராஜதுரையின் தொண்டையில் பலாப்பாலாக ஒட்டிக்கிடந்தது.

இந்தப் பருவம் வேறு வியாபாரி எவனும் அந்த மரத்தைப் பேசிவிடக் கூடாதே என்று, ஒரு சாயங்காலம் கையிலிருந்த மஞ்சப்பையைக் கிழித்து அடையாளமாகக் கட்டிவிட்டுப் போனான்.

தப்பு அங்கேதான். மரத்தில் ஆட்டைக் கட்டலாம், மாட்டைக் கட்டலாம், மிளகுக் கொடியை ஏற்றலாம். மஞ்சள் துணியைச் சும்மா கட்டக் கூடாது.

3

விடிந்தபோது மரத்துக்குக் குங்குமப் பொட்டு. அந்த வாரமே சூலம். துணியில் ஜவுளிக் கடையின் செல் நம்பர் அச்சாகியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துச் சாமி, இருந்துவிட்டுப் போகட்டும். காப்பித் தோட்டக்கார முத்தன் தாமாகவே பூசாரியாகி ஒரு சட்டமும் போட்டார்.

"புதுச் சாமிங்க. மனசுக்குள்ள நெனைக்கறதப் படிக்க இன்னும் பழகல. வேண்டுதல வாய்விட்டுச் சத்தமாச் சொல்லோணும்."

அவ்வளவுதான், ஊரின் உள்மனது முழுக்க வெளியே வந்தது. மச்சானின் போர்வெல் வற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்டார். மச்சான் அடுத்த ஆளாக வரிசையில் நின்றிருந்தார்.

(அருணா, கட்டுரைப் பகுதி இதோ.) மிளகு வாங்க வந்த காதர் பாய், "மரத்த நாங்க கும்புடறதில்லீங்க. ஆனா ஏழாவது வானத்து எல்லையில ஒரு எலந்த மரம் நிக்குதுங்க" என்றார். ஸ்டெல்லா டீச்சர் விடவில்லை: "எங்க வேதத்துல சகேயுன்னு ஒரு குள்ளருங்க. கூட்டத்துல ஏசுவப் பாக்க முடியாம காட்டத்தி மரத்துல ஏறிட்டாரு. கடைசில ஏசுவே அவரு ஊட்டுக்கு வந்தாருங்க." புத்தருக்கு அரசு, சமணரின் ரிஷபருக்கு ஆல், குற்றாலத்து ஈசனுக்குப் பலாவேதான். எந்த மதத்தைத் தொட்டாலும் மரத்தடியில் யாரோ ஒருவர் எதற்கோ காத்திருக்கிறார் என்று கட்டுரையை அழகாக முடிக்கப்போ—

"நானுந்தானுங்க காத்துக் கெடக்கறேன்" என்று ராஜதுரை குறுக்கே வந்துவிட்டான். "என்னையும் கொஞ்சம் பாருங்க."

4

பாவம், பார்க்கத்தான் வேண்டும். சாமி மரத்தில் ஏறக் கூடாது, பழம் வெட்டக் கூடாது. அந்த வீட்டுக்குப் போக இருந்த ஒரே சாக்கும் போயிற்று. பழுத்த பழங்கள் தாமாக விழுந்து பாப்பாயியின் தகரக் கொட்டகையைப் பதம் பார்த்தன. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து சுமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

(சுமதியை என்னால் நம்ப முடியவில்லை. இந்த இடத்தில் அவள் கண் கலங்க வேண்டும். எத்தனை முறை மாற்றி எழுதினாலும் சிரிக்கிறாள்.)

சனிக்கிழமை தன் தையல் கடை வாசலில் ராஜதுரையை மடக்கினாள்.

"ஏனுங்க, அது மஞ்சப்பைதானுங்களே? ஓரங்கூட அடிக்கல. தையக்காரி கண்ணுக்குத் தப்புமா?"

"மெதுவாப் பேசுங்க! ஊரே சேந்து ஒதைக்கும்."

"எதுக்குக் கட்டுனீங்க?"

"அடையாளத்துக்குங்க."

"எதுக்கு அடையாளம்?"

"பழத்துக்கு..."

"அந்தப் பழத்துக்கா? எங்க ஊட்டு ஆடே மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க."

அவள் காத்திருந்தாள். அவன் தலையைத் தூக்கி மேகத்தைப் பார்த்தான்.

"காதர் பாய் சொன்ன எலந்த மரம் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் மிஷினை மிதித்தாள்.

5

முடிவு அ: மரமே பேசுகிறது. (கூடாது. அடுத்த தேர்தலில் நிற்கவைத்துவிடுவார்கள்.)

முடிவு ஆ: மாப்பிள்ளை தலையில் பழம் விழுகிறது. (நல்ல பையன். கேசரிகூட இன்னும் சாப்பிடவில்லை.)

முடிவு இ: ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் மரத்தடியில் சண்டை. ஒருவர் வேண்டுதலும் பலிக்கவில்லையாம். முத்தன் கண்ணை மூடி யோசித்துக் கண்டுபிடித்தார்.

"மொதத் துணி கட்டுனவன் இன்னும் வாயே தொறக்கல. அவனுது சாமிகிட்டப் போனாத்தான நம்முளுது போகும்? யாருப்பா அது?"

"நம்ம ராஜதுரதான்" என்றாள் பாப்பாயி. "நாந்தான் பாத்தனே. பாத்துட்டுத்தான் விடியால பொட்டு வெச்சேன். வேண்டுதல் இல்லாமயா மனுசன் மஞ்சத் துணி கட்டுவான்?"

ஊரே அவனைத் தள்ளிக்கொண்டுவந்து மரத்தின் முன்னால் நிறுத்தியது. என் வேலையும் அத்தோடு முடிந்தது. சுமதி சொல்லப்போகும் பதில் என்னிடம் இல்லை. எழுதினாலும் அவள் கேட்கமாட்டாள். கேசரித் தட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

"சாமி..." என்று முனகினான் ராஜதுரை.

"சத்தமா!" என்றது வரிசை.

"மரத்துகிட்ட என்னங்க பேச்சு?" வாசற்படியிலிருந்து சுமதியின் குரல் வந்தது.

அவன் திரும்பினான். மலையில் பாதிக்குக் கேட்கும்படி கத்தினான்.

"சுமதி, நான் பழத்துக்கு வரலீங்க. ஒரு பருவத்துலயும் பழத்துக்கு வரலீங்க. என்னயக் கண்ணாலம் பண்ணிக்கிறீங்களா?"