நாலாவது ஆள்

எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நிரம்பியது. பன்னிரண்டு மணிக்கு என்னைக் காலி செய்யப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. அரை மணி நேரம் என்பது ஈரோட்டில் நல்ல வேகம்தான்.

நோட்டீஸை அனுப்பியது சேமிப்பிட அலுவலகம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். டிஸ்கில் மொத்தம் அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் உள்ளன. மனைவி பூங்கொடி முப்பதாயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறார். மகள் மௌனிகா அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு கோயில் யானை பதினேழு படங்களில் இருக்கிறது. குடும்பத்தலைவர் தங்கமுத்து ஒன்றில்கூட இல்லை. ஆகவே அவர் காலி இடம் என்று கருதப்படுகிறார். தான் இருக்கும் படம் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் காட்டாவிட்டால், அந்த இடம் மீட்கப்பட்டுப் புதுப் படங்களுக்கு ஒதுக்கப்படும்.

தங்கமுத்து நான்தான். மஞ்சள் மண்டியில் எடை போடுகிறேன். மூட்டையைப் பார்த்தே கால் கிலோ வித்தியாசம் சொல்வேன். என்னைப் போய்க் காலி இடம் என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பூங்கொடி நோட்டீஸை இரண்டு முறை படித்தாள்.

"ஏனுங்க, ஒண்ணுல கூடவா இல்ல?"

எல்லாப் படங்களையும் எடுத்ததே நான்தான் என்று சொன்னேன். இருபது வருஷமாகக் கேமரா என் கையில்தான் இருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோறு போட்டாள். ஒரு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

புதன்கிழமை காலை குளிக்கும்போது கவனித்தேன். என் இடது கையில் முழங்கையிலிருந்து விரல்வரை ஏற்காட்டுப் படங்களை வைத்திருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். தொட்டால் சில்லென்று இருந்தது. மௌனிகா படகுத்துறையில் ஐஸ் சாப்பிடுவது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தது. நல்ல படம்தான், நான் எடுத்தது. ஆனால் வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருக்கலாம்.

மாடி வீட்டு ஆறுக்குட்டி அண்ணனிடம் யோசனை கேட்டேன். அவர் போன ஆடியில் கேமரா ஸ்டாண்டாக மாறிவிட்டார். மூன்று கால். தலையில் கேமராவை மாட்டிக்கொள்ளலாம். வேறு எந்தக் குறையும் இல்லை, பால் வாங்கக்கூட அவர்தான் போகிறார். அவர் வீட்டம்மாவுக்கு மட்டும் அந்த மூன்று கால் பிடிக்கவில்லை. அதற்காக அண்ணன் எப்போதும் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். குடையோடு சேர்த்தால் நாலு.

"வெளிய இருந்து தேடுனா ஒண்ணும் அகப்படாது தம்பி. உள்ளயே போயிப் பாரு" என்றார்.

டிஸ்கின் பின்பக்கம், ஒயர் சொருகும் இடத்துக்கு அருகில், ஒரு கதவு இருக்கிறது. எல்லார் வீட்டு டிஸ்கிலும் இருக்கிறது. யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமை மண்டிக்கு லீவு சொன்னேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குனிந்து நுழைந்தேன்.

உள்ளே நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் அறைகள். அறைகளுக்குப் பெயர் வைத்தது நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. முதல் அறை 'நியூ ஃபோல்டர்'. அடுத்தது 'நியூ ஃபோல்டர் இரண்டு'. அப்புறம் 'மௌனி பிறந்தநாள்', 'மௌனி பிறந்தநாள் புதுசு', 'மௌனி பிறந்தநாள் கடைசி', 'இதுதான் கடைசி'. அதற்கும் அடுத்து 'பார்த்துவிட்டு அழி' என்று ஒரு அறை. உள்ளே கூட்டம் நெரிந்தது. நான் நடக்க நடக்க வராந்தா நீண்டது. இருபது வருஷமாக ஒரு அறையையும் இடிக்காமல் கட்டிக்கொண்டே போனால் வேறு என்ன செய்யும்.

மத்தியானம்வரை தேடியதில் என் கட்டைவிரல் கிடைத்தது. முந்நூற்று நாற்பது படங்களின் ஓரத்தில் இருந்தது. கொஞ்சம் மங்கலாக, ரோஸ் நிறத்தில், ஆனால் என்னுடையதுதான். நகத்தில் மஞ்சள் கறை இருந்தது. அவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

'காது குத்து' அறையில் பதினான்கு பூங்கொடிகள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சைப் பட்டு. அன்றைக்குப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன். ஏழாவது பூங்கொடிக்குக் கண் மூடியிருந்தது.

"கண்ணு மூடியிருக்குது. என்னைய அழிச்சிருங்க" என்றாள்.

வீட்டிலும் இதையேதான் சொல்வாள். கண் மூடிய படம் ஒன்றுவிடாமல் போய்விட வேண்டும் அவளுக்கு. நான் சரி என்று தலையாட்டுவேன். அழித்ததில்லை.

நான் எந்தப் படத்திலாவது இருக்கிறேனா என்று அவளைக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நீங்க வந்து நின்னா மூணு பேராயிருமில்லீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது. யாருக்கு ஆகாது, எப்போது ஆகாது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் எடுப்பதில்லை. பூங்கொடியும் மௌனிகாவும் இரண்டு பேர். நானும் நின்றால் மூன்று. நாலாவதாக நிற்க ஓர் ஆள் அன்றைக்கு அகப்படவில்லை, நான் கேமராவுக்குப் பின்னால் போனேன். மறுநாளும் அகப்படவில்லை. அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பதினான்கு பூங்கொடிகளும் சிரித்தபடி நின்றார்கள். அன்றைக்கு அவர்களைச் சிரிக்கச் சொன்னது நான்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சேமிப்பிட அலுவலகத்துக்குப் போனேன். அது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. அதற்குள் ஏற்காடு முடிந்து என் இடது தோளில் ஒரு கிரகப்பிரவேசத்தை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இடது காது கேட்கவில்லை. படியில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். என் எடை பதினோரு கிலோ குறைந்திருந்தது. அதைத் தராசு இல்லாமலே சொல்லிவிட்டேன்.

கண்காணிப்பாளர் வசந்தாமணி மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையோடு அவர் முடிந்துவிட்டார். மேசைக்குக் கீழே யாருடைய கொடைக்கானலோ இருந்தது. பனிமூட்டமும் ஒரு குதிரையும் தெரிந்தன.

பையைக் கொட்டினேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வெரலுங்க."

"என் வெரல்."

"அப்பொ வெரலுக்குத் தரலாமுங்க. ஆளுக்குத் தர முடியாது."

வலது கட்டைவிரலுக்குச் சான்றிதழ் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். இனி என்ன நடந்தாலும் அது மட்டும் இருக்கும். நான் நன்றி சொன்னேன்.

அவருடைய கால்களைப் பற்றி எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். அவரே சொன்னார். அவரும் ஒரு படத்திலும் இல்லையாம். ஆறு வருஷம் ஆகிவிட்டதாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் பெரிய சிரமம் இல்லையாம். அதை அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஒரு மனுவை என் பக்கம் தள்ளினார். கடைசி வாய்ப்பு அது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. விண்ணப்பதாரரை நாலு பேருக்குத் தெரியுமா?

பூங்கொடி, மௌனிகா, ஆறுக்குட்டி அண்ணன் என்று எழுதினேன். மூன்று பேர் போதுமா என்று கேட்டேன்.

"மூணு ஆகாதுங்க" என்றார் வசந்தாமணி. மணி மூன்று இருபது.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். கீழே நடக்கும் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன். அலுவலகத்தில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம் கீழ வாங்க. மூணு பேரா நிக்கறோம்."

நான் எழுந்து போனேன். யோசிக்கவே இல்லை. எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் யாராவது என்னை இப்படிக் கூப்பிடுவார்கள். சும்மா நிற்கிற ஆள் மாதிரி ஒரு முகம் எனக்கு. மேடையில் மாப்பிள்ளை, பெண், தாய்மாமன். நான் ஓரத்தில் நின்றேன். கேமராக்காரர் கொஞ்சம் உள்ளே வரச் சொன்னார். வெளிச்சம் அடித்தது.

இடது தோள் சுட்டது. தடவிப் பார்த்தேன். தோள் இருந்தது.

நான் மேடையிலேயே நின்றுவிட்டேன். இருபது வருஷமாக எத்தனை மண்டபம், எத்தனை காது குத்து, எத்தனை சீர். எத்தனை பேர் என்னை ஒரு நிமிஷம் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் என் வீட்டு டிஸ்கில்தான் இல்லை.

மேளக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

"இதுவரைக்கும் மூணு பேரா நின்னு, நாலாவதா என்னையக் கூப்பிட்டவிங்க யாராச்சும் இருந்தீங்கன்னா, நாலு மணிக்குள்ள மாடிக்கு வரோணும்."

மைக் மண்டபத்துக்கு உள்ளே மட்டும் கேட்கிற மைக். ஆனால் பஸ் ஸ்டாண்டுவரை வரிசை நின்றது. ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், ஆல்பம், மஞ்சப்பையில் சுற்றிய சட்டம், கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தியில் பாதி சாப்பாட்டில் எழுந்து வந்த ஒருவர் கையைக்கூடக் கழுவவில்லை.

வசந்தாமணி ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றிலும் நான் இருந்தேன். ஒரு வளைகாப்பில் மூன்று பெண்களுக்குப் பக்கத்தில் தாம்பூலப் பையோடு இருந்தேன். ஒரு புது டிராக்டருக்கு முன்னால் அண்ணன் தம்பி மூன்று பேரோடு இருந்தேன். ஒரு பட்டமளிப்பில் எனக்கும் ஒரு மாலை விழுந்திருந்தது. பெருந்துறையிலிருந்து ஒரு குடும்பம் ஆளுயரச் சட்டத்தையே இரண்டு பேராகத் தூக்கிவந்தது. அவர்கள் வீட்டு ஹாலில் நான் பத்து வருஷமாகத் தொங்குகிறேனாம். பிள்ளைகள் என்னைப் பெரியப்பா என்றுதான் சொல்கின்றனவாம். இன்றைக்குவரை அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு படத்துக்கும் என் உடம்பில் ஓர் இடம் சுட்டது. காது கேட்டது. முழங்கை மடங்கியது. ஏற்காடு என் கையிலிருந்து கழன்று, வரிசையாகப் படியிறங்கி வீட்டைப் பார்த்து நடந்தது. ஐஸை மட்டும் மௌனிகா கடைசிவரை கீழே வைக்கவில்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். வரிசையும் சிரித்தது. பதினோரு கிலோவும் திரும்பிவிட்டது, கூடவே ஒரு கிலோ சேர்ந்திருந்தது.

ஆயிரத்து முந்நூற்றெட்டாவது படத்தோடு வசந்தாமணி நிறுத்திக்கொண்டார்.

"நாலு பேருக்குத் தெரியுமான்னுதான் கேட்டோம். ஊருக்கே தெரியுதுங்களே" என்றார்.

முத்திரையை ஓங்கினார். பாதியில் நிறுத்தினார். ஊரார் டிஸ்கில் எல்லாம் நான் இருக்கிறேன், சரி. ஆனால் நோட்டீஸ் என் வீட்டு டிஸ்குக்கு. அதில் ஒரு படமாவது வேண்டும். மணி மூன்று ஐம்பத்தாறு.

பூங்கொடியும் மௌனிகாவும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஆறுக்குட்டி அண்ணன் கேமராவைத் தலையில் மாட்டிக்கொண்டே படியேறினார். நாங்கள் சுவரோரமாகப் போய் நின்றோம். மூன்று பேர். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் ஒருவரும் இல்லை. கீழே பாயசம் வந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் நாலாவது ஆளாக நின்றவனுக்கு ஓர் ஆள் இல்லை. பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேராகவே நிற்கலாம், வருவது வரட்டும் என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் மேசைப் பக்கம் திரும்பினேன்.

"அம்மணி, ஒரு நிமிசம் வாங்க. மூணு பேரா நிக்கறோம்."

வசந்தாமணி பேனாவை மூடினார். டூட்டியில் இருப்பதாகச் சொன்னார். கால் இல்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். இந்த அழைப்பை மறுத்த ஆள் எங்கள் பக்கத்தில் இதுவரை கிடையாது.

மேசைக்குக் கீழே இருந்த பனிமூட்டம் விலகியது. குதிரை ஒதுங்கி வழிவிட்டது. அவருக்கு இரண்டு கால்கள் இருந்தன. நாலு எட்டு வைத்து வந்து பூங்கொடிக்குப் பக்கத்தில் நின்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

ஆறுக்குட்டி அண்ணன் குடையை அழுத்தி ஊன்றினார். "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். இருபது வருஷமாக நான் சொன்ன வார்த்தை. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மௌனிகா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

வெளிச்சம் அடித்தது. மணி மூன்று ஐம்பத்தொன்பது. வசந்தாமணி நடந்தே போய் முத்திரையை எடுத்துவந்து குத்தினார்.

டிஸ்கில் புது அறை ஒன்று திறந்துகொண்டது. என்ன பெயர் வைப்பது என்று மௌனிகா கேட்டாள். 'நாலு பேர்' என்று வைக்கச் சொன்னேன்.

எல்லாரும் குனிந்து படத்தைப் பார்த்தோம்.

"நான் இருக்கறனுங்களா?" என்று கேட்டார் வசந்தாமணி. கால்வரைக்கும் இருக்கிறார் என்று காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பந்திக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.

பூங்கொடிக்குக் கண் மூடியிருந்தது. நான் கட்டைவிரலை அழிக்கும் பொத்தானில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"இருக்கட்டுமுங்க" என்றாள்.