கேப்டனின் தட்டு

இருபத்தொரு நாள் சுத்த உணவுச் சவாலில் முதல் பரிசு எனக்குத்தான். எங்கள் லிஃப்ட் சர்வீஸ் ஆபீஸில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். சர்க்கரை, மைதா, பொரித்தது எதையும் தொடாமல் கரையேறியவன் நான் ஒருவன்தான். மேனேஜர் என் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டி, கையில் எடை பார்க்கும் மெஷினைக் கொடுத்து, "இனிமே நீங்கதான் நம்ம கேப்டன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சேர்ந்தது பதக்கத்துக்காக இல்லை. டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. நாலு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க. அப்பவும் ஏறியிருந்தா மாத்திரைதான்" என்று சொல்லியிருந்தார். என் அப்பாவும் அப்படி ஒரு மாத்திரையில்தான் ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டாவது வயதில் இரண்டு கால்விரல்களை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினார். எனக்கு இப்போது நாற்பத்தாறு. பயந்துபோய்த்தான் சேர்ந்தேன்.

கேப்டனுக்கு ஒரு வேலை இருந்தது. மேனேஜர் 'ஆயுசுக்கும் ஆரோக்கியம்' என்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். தினமும் மதியம் ஒன்றரைக்குள் கேப்டன் தன் சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். கீழே ஒரு வரி அறிவுரை. அறிவுரைக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. லிஃப்ட் மாட்டுவது பெரிய விஷயமில்லை, மாதாமாதம் கவனிப்பதுதான் விஷயம் என்று பதினேழு வருடமாகக் குடியிருப்புக்காரர்களிடம் சொல்லி வாய் பழகியிருந்தது. லிஃப்ட் என்ற இடத்தில் உடம்பு என்று போட்டால் முடிந்தது.

வீடு ஆபீஸிலிருந்து இரண்டு தெரு. மதியம் வீட்டுக்கு வந்து, நானே காய்களை வெட்டி, அவித்த பயறு கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடுவேன். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், மாலை ஆறுக்குத்தான் வருவாள். மதியத்தில் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். அவர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். பல்செட் போட்டவர், இருபது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சோற்றில் ஒரு பருக்கை வீணானாலும் மனசு தாங்காதவர். இந்த வயசுக்கு மேல் என்ன பத்தியம் என்று மகள் அவருக்குச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துவிட்டுப் போவாள்.

இருபத்திரண்டாம் நாள் தட்டைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டேன். 'நாக்கை வென்றவன் நாளை வென்றவன்' என்று கீழே எழுதினேன். நிமிர்ந்தால் எதிரே வறுவல். மொறுமொறுவென்று, ஓரமெல்லாம் சிவந்து. சவால்தான் நேற்றே முடிந்துவிட்டதே என்று வயிறு வக்கீல் வைத்து வாதாடியது.

"மாமா, பல்லு வலிக்குது. கேரட்டைக் கடிக்க முடியல" என்றேன்.

முப்பத்திரண்டு பல்லும் சொந்தமாக வைத்திருப்பவன், ஒன்றுகூட இல்லாத மனிதரிடம் சொன்ன பொய் இது. அவர் தன் தட்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு என் தட்டை இழுத்துக்கொண்டார். கேரட்டைப் பொறுமையாக மென்று, கடைசித் துண்டு வெள்ளரிக்காய் வரை காலி செய்தார்.

மறுநாளும் பல் வலித்தது. மூன்றாம் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தட்டை மாற்றிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, "நாளைக்கு கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருங்க மாப்பிள்ளை, சப்புனு இருக்கு" என்றார். பிழிந்தேன். அது படத்திலும் எடுப்பாகத்தான் இருந்தது.

என்னைக் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் திங்களிலிருந்து ஒழுங்காக இருப்பேன் என்று மனசார முடிவு செய்தேன். திங்களன்று மேனேஜரே ஆபீஸுக்கு கேக் வாங்கி வந்தால் நான் என்ன செய்வது? கேப்டன் கேக் சாப்பிட மாட்டார் என்று எல்லோர் எதிரிலும் என் துண்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில் திரும்பும் வழியில் பேக்கரியில் இரண்டு க்ரீம் பன் தின்றேன்.

தட்டு மட்டும் நாளுக்கு நாள் அழகானது. படத்துக்காக வெள்ளைத் தட்டு ஒன்று வாங்கினேன். ஜன்னல் பக்கம் வைத்தால் தக்காளி நன்றாகச் சிவக்கும் என்று கண்டுபிடித்தேன். மாதுளை முத்து தூவினேன். அடுத்த கிளையில் 'பிடித்ததை விடாமலிருப்பது எப்படி' என்று முக்கால் மணி நேரம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணியால் ஒன்று புதிதாகப் போட்டுக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தேன். நல்ல கைதட்டல்.

எடை மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலேயே பேட்டரியும் விற்கிறார்கள். இருந்தாலும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நான் தினமும் பச்சையாகத் தின்கிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழும்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

நாலு மாதம் முடிந்தது. எனக்கும் மாமனாருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேர் மாறிப்போச்சா என்று லேபுக்குப் போன் செய்தார். மாறவில்லை.

"ஐயா, உங்களுக்கு நல்லா குறைஞ்சிருக்கு. மாத்திரையைப் பாதியாக்கிடலாம். அப்படி என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. மாப்பிள்ளை தினமும் காய் வெட்டிக் குடுக்கறார். பாவம், அவருக்குத்தான் மூணு மாசமா பல்வலி. என்னோடத அவர் சாப்பிட்டுக்கறார்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் அசடு வழிந்தேன். என் தாளின் கீழே டாக்டரம்மா ஒரு மாத்திரையின் பெயரை எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் என் செருப்பையும் அதிலிருந்த பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மனைவி கடைக்கு விடுமுறை போட்டிருந்தாள். மதியம் மாமனார் முன்னால் நான் காய்த்தட்டை வைத்ததும், என் முன்னால் வெள்ளைத் தட்டில் ஒரே ஒரு மாத்திரையை வைத்தாள்.

"காயை எங்கப்பா உங்களுக்காக சாப்பிட்டுட்டார். இதை அவர் சாப்பிட முடியாது. இது உங்களோடது" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மணி ஒன்று இருபத்தைந்து. போன் துள்ளிக்கொண்டிருந்தது. கேப்டன் தட்டு எங்கே, கேப்டனுக்கு உடம்பு சரியில்லையா, அறிவுரை வரட்டும். எனக்கு என்ன தோன்றியதோ, மாத்திரை இருந்த தட்டை அப்படியே படம் பிடித்துப் போட்டேன். கீழே, 'மூன்று மாதமாக நீங்கள் பார்த்த தட்டை என் மாமனார் சாப்பிட்டார்' என்று எழுதினேன். ஜன்னல் பக்கம் நகர்த்தவில்லை.

பிறகு மேனேஜர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். 'இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னாங்களா, பின்னாடியா? எனக்குப் பின்னாடி. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க.'

எனக்கும் பின்னால்தான். அப்படியானால் முதலில் சாப்பிட வேண்டும். மாமனார் தட்டில் பாதி வெள்ளரிக்காயும் கொஞ்சம் பயறும் இன்னும் இருந்தன.

"மாமா, அதுல கொஞ்சம் குடுங்களேன்."

அவர் தட்டை முழங்கையால் வளைத்துக்கொண்டார். "இது எனக்குன்னு வெட்டினது மாப்பிள்ளை" என்றார். "கத்தி அங்கதான் இருக்கு. உங்களுக்கு வேணும்னா வெட்டிக்கங்க."