நாற்பத்திரண்டு தடங்களும் ஒரு வரியும்

பேருந்துக் கம்பெனியின் கால அட்டவணைப் பிரிவில் எனக்கும் மச்சானுக்கும் சேர்த்து ஒரே லாகின். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வீட்டில் முறைத்துக்கொள்வது போதாதென்று ஆபீஸிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

லாகின் செய்ததும், நாங்கள் கட்டளைகளைத் தட்டும் கருப்புத் திரை ஒரு செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும். அதில் எழுதியிருப்பதுதான் அதற்குச் சட்டம். சட்டம் எழுத இரண்டு பேர். சண்டைக்கு வேறென்ன வேண்டும்? நான் எழுத்தைப் பச்சையாக்கினால் அவர் சிவப்பாக்குவார்.

பெரிய போர் ஒரே ஒரு வரிக்காக. எதை அழிக்கச் சொன்னாலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் "அழிக்கவா?" என்று கேட்கும்படி எழுதியிருந்தேன்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரு குப்பையக் கொட்ட எத்தனை பேர்கிட்ட சம்மதம் வாங்கறது?"

"கம்ப்யூட்டர்தானே கேக்குது மச்சான், உங்க வாயா வலிக்குது?"

"பதில் சொல்றது என் விரல். பயந்தவங்கல்லாம் வீட்லயே இருக்கணும்."

அவர் எடுப்பார். நான் திரும்பப் போடுவேன்.

அன்று நான்கு மணிக்குள் நாற்பத்திரண்டு தடங்களின் புது அட்டவணையையும் மேனேஜரிடம் கொடுத்தாக வேண்டும். தவறினால் பழையபடி புகார் போனுக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடம் அந்த போனில் திட்டு வாங்கியவன் நான். இப்போதும் எந்த போன் அடித்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஹலோ சொல்கிறேன்.

மூன்று மணிக்குப் பழைய ஃபைல்களைக் களைய உட்கார்ந்தேன். 'எல்லாவற்றையும் அழி' என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அது ஒவ்வொன்றாகக் கேட்கும். பழசுக்கு ஆமாம், புதுசுக்கு வேண்டாம். சோம்பேறியின் சாமர்த்தியம். முந்தின நாள்தான் வரியைத் திரும்பப் போட்டிருந்தேன், அந்தத் தைரியம்.

அது கேட்கவே இல்லை.

"மச்சான், அந்த வரிய எடுத்தீங்களா?"

"காலையிலேயே. ஏன், தலை போயிடுச்சா?"

"நாப்பத்திரண்டும் போயிடுச்சு."

சிரிப்பார் என்று நினைத்தேன். "தள்ளுங்க" என்று என் நாற்காலியை முழங்காலால் நகர்த்திவிட்டு இரண்டே எழுத்து தட்டினார். நாற்பத்திரண்டும் வரிசையாக வந்து இறங்கின.

"எப்படி மச்சான்?"

"நீங்க சாப்பிடப் போறப்பல்லாம் உங்க ஃபோல்டர நகல் எடுத்து வெச்சுக்குவேன். மத்தியானத்துக்கு மேல செஞ்சது போனது போனதுதான். அத அழுதுகிட்டே நீங்களே பண்ணுங்க."

"என்மேல இவ்ளோ அக்கறையா?"

"நம்பிக்கை இல்ல. தங்கச்சிய உங்களுக்குக் குடுத்தப்பவும் இல்ல. அப்ப நகல் எடுக்க வழியில்லாம போச்சு."

விட்டுப்போனதைத் திரும்பச் செய்து, மூன்று ஐம்பத்தெட்டுக்கு அட்டவணையை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

மறுநாள் ஏதோ ஒரு ஃபைலை அழிக்கச் சொன்னேன். சிவப்பு எழுத்தில் திரை கேட்டது: "மாப்பிள்ளை, கண்ணு திறந்துதான் இருக்கா?"

பின்னால் ஆபீஸே சிரித்தது. மச்சான் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கொதிப்போடு செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். அந்த வரியில் கை வைக்கவில்லை. எழுத்தை மட்டும் பச்சையாக்கிவிட்டு மூடினேன்.