ருக்மிணிக்குப் போகாத பூ

தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருந்த சுயம்புவுக்கு, கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் எப்போதும் நாரதர் வேஷம்தான். குரல் அப்படி. ஐம்பத்து மூணாம் வருஷம் கிருஷ்ணர் வேஷம் பக்கத்துக் கடைத் தாணுமாலயனுக்கு வாய்த்தது.

அந்தத் தாணுமாலயனோடு அவன் பெண்டாட்டி பகவதியம்மாள் பேசி ஒரு மாசம் இருக்கும். "எங்க அக்கா வைக்க புளிக்கறி மாதிரி வராது" என்று சாப்பாட்டுக்கு நடுவே சொல்லித் தொலைத்திருந்தான். "அப்ப அங்கேயே போய்த் தின்னுங்க" என்று அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா இருந்ததோ திருவனந்தபுரத்தில். ஆகவே மத்தியானமானால் அவன் சுயம்பு வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தான். சுயம்புவுக்கென்று அவன் பெண்டாட்டி செல்லத்தாய் எடுத்து வைக்கிற பொரித்த மீனும் அவன் இலைக்கே போனது. விருந்தாளியை எப்படி எழுப்ப?

நாடகத்தன்று வெயில் தாழ்ந்ததும் ஆர்மோனியப் பெட்டி முழங்கியது. முன்வரிசையில் பகவதியம்மாள் இருப்பதைச் சுயம்பு பார்த்துக்கொண்டான். நாரதர் தேவலோகத்துப் பாரிஜாதத்தைக் கொடுக்க, கிருஷ்ணர் அதை ருக்மிணிக்குச் சூட்ட வேண்டும். ருக்மிணியான முத்துநாயகம் மீசையை மழித்துவிட்டு, கொண்டையைச் சாய்த்துக் காத்திருந்தான்.

"நாராயணா! கிருஷ்ணா, உன்னால் சோறும் பேச்சும் நின்றுபோன ஒருத்தி இந்தச் சபையில் இருக்கிறாள். பூ அவளுக்கே!" என்றான் சுயம்பு.

"ஏலே, இது பாடத்துல இல்லியே" என்று பல்லைக் கடித்தான் தாணுமாலயன்.

"இறங்குலே, கிருஷ்ணா."

சனங்கள் கைதட்டிவிட்டார்கள். வேறு வழியில்லை. நீலம் பூசிய முகத்தோடு இறங்கிப் போய், பாரிஜாதமென்று வைத்திருந்த ஒற்றைப் பிச்சிப்பூவை நீட்டினான்.

பகவதியம்மாள் பூவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "பூக்கடைக்காரருக்கு ஒத்தப் பூதான் கெடச்சுதா?"

தாணுமாலயன் கழுத்து மாலையைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். "உன் புளிக்கறிதான் புளிக்கறி. போருமா?"

"எல்லாருக்கும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."

அவன் கத்திச் சொன்னான். அவள் சிரித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். கிரீடத்தோடு அங்கேயே சம்மணம் போட்டவன் மேடைக்குத் திரும்பவே இல்லை.

"எனக்குள்ள பூ எங்கவே? இதுக்கா மீசையை எடுத்தேன்?" என்று முத்துநாயகம் சுயம்புவின் தம்புராவைப் பிடித்து இழுத்தான். கிருஷ்ணர் இல்லாத நாடகத்தைச் சுயம்பு ஒற்றை ஆளாகப் பாடியே ஓட்டினான். தொண்டை கட்டிப்போயிற்று. ஒருத்தர்கூட மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் பகவதியம்மாள் புருஷனின் நீல மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.