ஒய் இல்லாதவள்

கலைச்செல்வி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் மலைமேல் திண்ணனூர் நாட்டில் இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டம் அவள் பேருக்கு வந்திருக்கும். ஆண்பிள்ளை இல்லாத அண்ணாமலை, பங்காளிகள் முறைக்க முறைக்க, மகளுக்கே எழுதுகிறேன் என்று அப்போதுதான் மனசு இறங்கியிருந்தார்.

அந்த நேரம் பார்த்தா நாமக்கல்லிலிருந்து தரணிதரன் வர வேண்டும்? ஆராய்ச்சி மாணவன். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம்தான் அவன் படிப்பு. ஆப்பிரிக்காவில் பக்கத்துப் பக்கத்து ஊர் ஆம்பளைகளுக்குள்ளேயே அது எத்தனையோ விதமாகக் கிளைத்திருக்கிறதாம். உலகத்து ஆம்பளைகள் எல்லாருக்கும் வேர் அங்கேதானாம். அதோடு ஒப்பிட, பங்காளிகள் பதினாலு பேரின் கன்னத்து எச்சிலைப் பஞ்சில் எடுத்தான். சோதனை சரிதானா என்று பார்க்க ஒரு பெண்ணின் எச்சிலும் கேட்டான். பெண்ணுக்கு அது இருக்காது, இல்லை என்று வந்தால்தான் சோதனை சரி என்று விளக்கமும் சொன்னான்.

கலைச்செல்வி முந்திக்கொண்டாள். பேர் வேண்டாம், நம்பர் போதும் என்றவனிடம் 'அண்ணாமலை மகள் கலைச்செல்வி' என்றே எழுதச் சொல்லி அடம்பிடித்தாள். அண்ணாமலை குடகு எஸ்டேட்டிலிருந்து திரும்பிய எட்டாம் மாசம் பிறந்தவள் அவள். இருபத்தாறு வருசமாக அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா பாவாயியைக் குத்தினார்கள். ஒரு தாளிலாவது அப்பன் பேரோடு தன் பேர் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள், பாவி.

தாள் வந்தபோது தரணிதரன் ஆப்பிரிக்காவில் இருந்தான். கோயில் முன்னால் ஊர் கூடியது. அண்ணாமலையின் தம்பி மகன் சதீஷ்குமார் படித்தான். பதினாலு பேருக்கும் ஒரே வழி. கடைசியாக, அண்ணாமலை மகள் கலைச்செல்வி: இல்லை.

அண்ணாமலையின் முகம் செத்துப்போயிற்று. நீ படிச்சவன், நிசத்தைச் சொல் என்றார்.

"இல்லீன்னுதான் போட்டிருக்குதுங்க பெரியப்பா."

கலைச்செல்வி பதறினாள். "பொம்பளைங்க ஒருத்தருக்குமே அது இருக்காதுங்கப்பா. உங்களைப் பெத்த அம்மாவுக்கும் இல்லீங்க."

அறை காதோடு விழுந்தது. செத்துப்போன தாயையும் தெருவுக்கு இழுக்கிறாளே என்று ஊரே கொதித்தது. இருட்டுவதற்குள் தாயும் மகளும் மலையிறங்க வேண்டும் என்று அண்ணாமலை சொல்லிவிட்டார்.

பஸ் நிற்கும் இடம் வரை மூட்டையைச் சுமந்து வந்தவன் சதீஷ்குமார் ஒருவன்தான். நீயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே, உனக்குத் தெரியாதா என்று கலைச்செல்வி அழுதாள்.

"தெரியாம என்னக்கா? பி.எஸ்சி. சுவாலஜிதானே படிச்சேன்" என்றபடி மூட்டையைப் பத்திரமாக சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தான்.