வாய்க்குப் பூட்டுப் போட்ட விருந்து

எங்கள் வீட்டில் உப்பில்லாமல்கூடச் சாப்பிட்டுவிடுவோம், அரசியல் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உலகத்தில் எந்த மூலையில் சண்டை மூண்டாலும் தனக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர் நினைப்பு. வரவேண்டிய கப்பல் ஒன்று வராமல் போனால் போதும், அந்த நாட்டு எல்லையில் ஏதோ நடக்கிறது, எண்ணெய் விலை ஏறப்போகிறது என்று சட்டையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். துறைமுகத்தில் அவருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பட்டப்பெயர். அவ்வளவு உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசினாலும் கீழே லாரிக்காரனுக்குக் கேட்குமாம்.

நான் மட்டும் என்ன வாயில்லாப் பூச்சியா? திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. தையல் மிஷின்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் தொண்டையும் உரமேறிப்போயிற்று. போதாததற்கு அவர் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. கல்யாணமான நாள்முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்றாகக் கிளம்பிப் போய், என் ஓட்டால் அவர் ஓட்டையும் அவர் ஓட்டால் என் ஓட்டையும் வீணாக்கிவிட்டு, வழியில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம். இதில் எங்களுக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. கத்துவோம், சாப்பிடுவோம், தூங்குவோம்.

எங்கள் ஒரே மகள்தான் யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். குடிதண்ணீரைச் சோதனை செய்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. நாங்கள் கூடத்தில் மந்திரிசபையை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவள் அறைக் கதவு மெல்லச் சாத்தப்படும். படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன தடவை அவளுக்கு ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம். பையனின் மாமா சாப்பிட்டுக்கொண்டே ஓட்டு எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்த தட்டுகளையெல்லாம் நகர்த்தி, ரொட்டித் துண்டுகளை ஓட்டுச்சீட்டாக வைத்து, எப்படித் திருடினார்கள் என்று செய்தே காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? நீங்கள் எண்ணுவதே தப்பு என்று நடுவில் புகுந்தேன். மாமா எழுந்தார், பின்னாலேயே மொத்தக் குடும்பமும் எழுந்தது. சூப்புக்குப் பிறகு வைத்திருந்த எதையும் அவர்கள் தொடவே இல்லை. மகள் பல வாரம் எங்கள் இருவரிடமும் தேவைக்குமேல் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது வழக்கம்தான் என்பதால் எங்களுக்கு அது உறைக்கவே நாளாயிற்று.

இந்த முறை அவளே ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கூடவே வேலை பார்க்கிற பையன். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அவனையும் அவன் அப்பா அம்மாவையும் சாப்பிடக் கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின வாரம் எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டு சொன்னாள்.

“கட்சி, தேர்தல், உலகச் செய்தி, எதுவும் வேணாம். சாப்பாட்டைப் பத்தி மட்டும் பேசுங்க. இதுவும் கெட்டுப்போச்சுன்னா நான் இன்னொருத்தரைத் தேடமாட்டேன். எனக்கு இவர்தான்.”

குரல் உயரவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் அன்றிலிருந்தே பழக ஆரம்பித்தார் பாவம். தொலைக்காட்சியில் செய்தி வந்தால் எழுந்து போய் பால்கனியில் நின்றுகொள்வார். கப்பல் வந்ததா வரவில்லையா என்று மூச்சுவிடவில்லை. மனுஷன் இளைத்தே போய்விட்டார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விருந்தன்று காலையில் பிரதமர் ராஜினாமா செய்தார்.

நான் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வானொலி சுவர் வழியாகக் கத்தியது. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விடுமுறை நாளில், யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல், இப்படியும் ஒருத்தர் செய்வாரா? அவருக்கு ஆனந்தம், எனக்கு ஆத்திரம். இரண்டையும் கொட்ட இடமில்லை. சமையலறை வாசலில் மகள் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உருளைக்கிழங்கைப் பெருசாவே வெட்டுங்க,” என்றேன். அவர் வெட்டினார். ஒவ்வொரு கிழங்கும் அன்று என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, வணக்கம் சொல்வதற்கே வெட்கப்படுகிறவனாக இருந்தான். அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தைரியம் வந்தது. வாடகைக் கார் ஓட்டுகிறவர் என்றால் பேச்சுக்கா பஞ்சம்? நாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாலும் அவர் பேசிச் சமாளித்துவிடுவார்.

அவர் பேசவே இல்லை.

மேஜையைச் சுற்றி ஆறு பேர். சூப் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சூப் நன்றாக இருக்கிறது என்றார் கார்க்காரர். மிளகு போட்டிருக்கிறோம் என்றார் என் வீட்டுக்காரர். அப்படியா, மிளகா என்றார் அவர். ஆமாம், மிளகுதான் என்றார் இவர். அதோடு சரி. அப்புறம் கோழி வந்தது. கோழி நன்றாக வெந்திருக்கிறது என்றார். அடுப்பில் வைத்தோம் என்றார் இவர். அடுப்பில் வைக்காமல் அடைகாக்கவா வைப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

நானும் முயற்சி செய்தேன். நர்ஸம்மாவிடம் விடுமுறைக்கு வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டேன். இதேதான், ஆனால் உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டுவோம் என்றார். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. எங்கள் உருளைக்கிழங்குக்கு என்ன குறை? பிறகு அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கார்க்காரர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேசமே தலைகீழாகக் கிடக்கிற நாளில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்றால் நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கிரேன்காரனோடும் தையல்காரியோடும் என்ன பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். மகள் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் தட்டில் கோழி வைத்தது வைத்தபடி இருந்தது. பையனும் சாப்பிடவில்லை.

புட்டிங் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தேன். பின்னாலேயே நர்ஸம்மா அழுக்குத் தட்டுகளோடு வந்தார். தட்டுகளைத் தொட்டியில் வைத்துவிட்டுக் குழாயைத் திறக்காமல் நின்றார்.

“உங்களுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க,” என்றார். “நான் தப்பா எடுத்துக்கமாட்டேன். என் பையனை மட்டும் நீங்களா கூப்பிட்டுப் பக்குவமா சொல்லுங்க. அவன் தாங்கமாட்டான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களுக்கா பிடிக்கவில்லை, நீங்கள்தானே வந்ததிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கார் ஓட்டுகிற மனிதர் ஒரு வாய் பேசவில்லையே என்று பொரிந்து தள்ளிவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

நர்ஸம்மா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். “அவரா பேசமாட்டார்? காலையில ராஜினாமா செய்தி வந்ததுலேர்ந்து அவரை அடக்கி வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. எங்க பையன் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான். அரசியலே பேசக்கூடாதுன்னு.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அவர்களுக்கும் ஒரு சம்பந்தம் முறிந்திருக்கிறது. பெண்ணின் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் ஏதோ ஒரு நாட்டுப் போரைப் பற்றி வாக்குவாதம். கார்க்காரர் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, இறங்கி நடந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் நிஜமாகவே இறங்கி நடந்துவிட்டார். ஆனால் இவர்கள் வீட்டுக்கு அல்ல.

அட கடவுளே என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ரொட்டித்துண்டு ஓட்டெண்ணிக்கையை நான் சொன்னதும் நர்ஸம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். நெஞ்சில் பாலை வார்த்ததுபோல் இருந்தது எனக்கு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அவரவர் பெற்றோர் வாயைப் பூட்டிக் கூட்டி வந்து உட்காரவைத்திருக்கிறார்கள். பெற்றவர்களைப் பற்றி அவ்வளவு வெட்கம் இரண்டுக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டிங்கை வெட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். நர்ஸம்மா மனசு லேசாகி, “எப்படியோ, அந்தாளு ராஜினாமா பண்ணினது நாட்டுக்கு நல்லதுதான்,” என்றார்.

நல்லதா? என் கையில் கரண்டி இருந்தது. எதில் நல்லது என்று கேட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்காததைச் சொன்னார். நான் அதற்கு முந்தைய ஆட்சியில் ஆஸ்பத்திரியே கிடையாது என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. இவ்வளவு நாளாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. ஆஹா, அந்த சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். பின்னாலேயே அந்தப் பையன். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வற்றிவிட்டது.

“அம்மா, போச்சா?” என்றாள்.

இரண்டே வார்த்தை. என் வாய் தானாக மூடிக்கொண்டது. இந்த வீட்டில் எத்தனை சண்டைக்குப் பிறகு அவள் தன் அறைக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்? எங்களுக்கு விளையாட்டாக இருந்தது அவளுக்கு எப்போதும் ஏதோ ஒன்று உடைகிற சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது. அவள் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, நான் ஒரு மக்கு.

நர்ஸம்மாதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்தார். “ஒண்ணும் போகலை கண்ணு. பேசாத வீட்டுல சம்பந்தம் பண்ணப்போறோமோன்னு நான்தான் பயந்துகிட்டிருந்தேன். உங்கம்மா நல்லாத்தான் பேசறாங்க. எல்லாம் தப்புத்தப்பாப் பேசறாங்க, அவ்வளவுதான்.”

மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டான், மறுபடி கழற்றினான்.

கூடத்தில் இருந்த இருவருக்கும் நானே போய்ச் செய்தியைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான், தாராளமாகப் பேசலாம் என்றேன். ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார்கள். பிறகு கார்க்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையில் செய்தி கேட்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வராத குறை. உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன் என்றார். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஆறிப்போன கோழியை மறுபடி சூடாக்கி, எலும்புவரை காலி செய்தார்கள். எப்போதோ ஏதோ ஒரு கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட கப்பலை எப்படி இழுத்திருக்க வேண்டும் என்று இவர் கைகளாலேயே கிரேன் ஓட்டிக் காட்ட, அவர் அது வேலைக்காகாது என்று தலையை ஆட்டிக்கொண்டே மூன்றாவது தடவை புட்டிங் போட்டுக்கொண்டார்.

நடுவில் மகளைக் காணவில்லை. பையனையும் காணவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே தட்டில் இரண்டு கரண்டி வைத்துக்கொண்டு. ஒரு பேச்சும் இல்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவன் தட்டை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான். என் மகள் ஏன் ‘எனக்கு இவர்தான்’ என்றாள் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. கொஞ்சம் வலித்தது. ஆனால் அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

உள்ளே கல்யாணத் தேதிக்கு வந்துவிட்டார்கள். வந்த வேகத்தில் அதிலும் தகராறு. புதுத் தேர்தல் முடியட்டும், பரபரப்பு அடங்கியதும் நிதானமாக வைக்கலாம் என்பது கார்க்காரர் கட்சி. அடுத்த வருஷ விடுமுறைக்கு வைக்கலாம் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. நர்ஸம்மா ஒன்று சொன்னார், நான் அதை வெட்டிப் பேசினேன். சத்தம் மறுபடி கூரையைத் தொட்டபோது பையன் மாடிப்படியிலிருந்து எழுந்து வந்து கூடத்து வாசலில் நின்றான். அவன் குரலை நாங்கள் சரியாகக் கேட்டது அப்போதுதான்.

“தேர்தலுக்கு முன்னாடியே வச்சுடலாங்க,” என்றான். “முடிஞ்சப்புறம்னா, யார் ஜெயிச்சாலும் உங்க நாலு பேர்ல ரெண்டு பேர் மண்டபத்துக்கு வரமாட்டீங்க.”

என் வீட்டுக்காரர் கார்க்காரரைப் பார்த்தார். கார்க்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு முதல் ஆளாக என் வீட்டுக்காரரின் கை மேலே போனது, அப்புறம் அவருடையது, அப்புறம் நர்ஸம்மாவுடையது. நானும் தூக்கினேன். கல்யாணமான நாள்முதல் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டது அன்றைக்குத்தான்.

பையனுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல பெரிய சத்தம். அப்படியே அவள் அப்பா குரல்.