கோட்டைத் தாண்டிய சக்கரம்

"பரவாயில்லைங்க" என்றான் கணவன், உடைந்த பின்விளக்கின் சிவப்புச் சில்லுகளுக்கு நடுவே நின்றுகொண்டு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்த ஆள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. தன் வண்டியிலிருந்து ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தார். அதற்குள் இவன் மன்னித்தே முடித்துவிட்டான்.

அது அவனுக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். நாள் முழுக்க இருட்டறையில் யார் மூக்கின் மேலாவது வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது பரவாயில்லையா? இப்போ பரவாயில்லையா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் நாக்கிலேயே குடியேறிவிட்டது. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமும் அதையே சொல்வான். அவளோ கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவு. ஊரார் கோபத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, தன் கோபத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறவள்.

சொந்த வண்டியாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இது தம்பியின் புதுக் கார். இருக்கை மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை. புத்தக அலமாரி ஏற்றி வர நீளமான வண்டி வேண்டும் என்று காலையில் கேட்டபோது, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்:

"மாமா, தூசி பட்டாக்கூடத் தூசிகிட்ட பரவாயில்லைன்னு சொல்ற ஆளு நீங்க. அக்கா கூட வர்ற தைரியத்துலதான் தர்றேன்."

அம்மா சிரித்தாள். தம்பி பெண்டாட்டி சிரித்தாள். கணவனும் சேர்ந்து சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறந்த வீட்டில் அவனை வைத்து நடக்கும் கேலி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தி, அவன் கையாலேயே சாவியைத் தம்பியிடம் கொடுக்கச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த லட்சணத்தில்தான் இது. ஃபர்னிச்சர் கடையில் அலமாரி விற்றுத் தீர்ந்திருந்தது. வெறுங்கையோடு லிஃப்டில் இறங்கி, அடித்தளப் பார்க்கிங்கில் கதவு திறந்தபோதுதான் அந்த டமால். நிறுத்திய இடம் மறக்காமலிருக்க ஒவ்வொரு தூணிலும் ஒரு மிருகம் வரைந்திருந்தார்கள். அவர்களுடையது ஒட்டகச்சிவிங்கி. நடந்ததையெல்லாம் மேலிருந்து பார்த்த ஒரே சாட்சி அதுதான்.

"இதுல என்னங்க பரவாயில்லை?" என்று கணவனை ஒதுக்கிவிட்டு, இடித்தவர் பக்கம் திரும்பினாள். அவர் வண்டியின் பின்கண்ணாடி முழுவதையும் சுருட்டிய கம்பளம் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. "பின்னாடி ஒண்ணுமே தெரியாம எப்படி சார் ரிவர்ஸ் எடுத்தீங்க? வண்டிய நகர்த்தாதீங்க. உங்க பேரு, நம்பர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேணும்."

"அவரே பரவாயில்லைன்னுட்டாரே மேடம்" என்றார் கம்பளக்காரர்.

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வார். அது பதில் இல்ல சார், இருமல் மாதிரி. தானா வரும்."

காவலாளி விசிலோடு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, நீங்க பார்த்தீங்கதானே?"

"இடிச்சதைப் பார்க்கலம்மா. சார் பரவாயில்லைன்னு சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள். விளக்கை ஒரு படம். நசுங்கிய பம்பரை ஒரு படம். முழு வண்டியும் விழுகிற மாதிரி எடுக்கலாம் என்று பின்னால் போனால், கணவன் பின்சக்கரத்தை ஒட்டி வந்து நின்றான்.

"நகருங்க."

"நின்னுட்டுப் போறேனே."

"உங்களையா படம் எடுக்கிறேன்? நகருங்கன்னா!"

அரை அடி நகர்ந்தான், சக்கரத்தை விடாமல். பள்ளிக்கூடத்தில் கிழிந்த சட்டையை மறைத்து நிற்கிற பையன் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. போய் முழங்கையைப் பிடித்து இழுத்து ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் நிறுத்திவிட்டு வந்து படம் எடுத்தாள்.

படத்தில் மஞ்சள் கோடு தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், வண்டிகள் போகிற வழியில், தம்பி வண்டியின் பின்சக்கரம் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

கம்பளக்காரரும் குனிந்து பார்த்தார். "மேடம், உங்க வண்டி பாதி ரோட்டுலல்ல நிக்குது?"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்து நிறுத்தும்போதே கணவன் சொன்னான்: 'பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்சம் உள்ள போடணும்.' கடையை மூடிவிடப்போகிறார்களே என்று அவள் பாதிக் கதவைத் திறந்து காலை வெளியே வைத்திருந்தாள். 'அதெல்லாம் பரவாயில்லை, இறங்குங்க!'

அவள் போனைத் தாழ்த்தினாள். கணவன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் பார்த்து எடுத்திருக்கணும்" என்றார் கம்பளக்காரர், கொஞ்சம் இறங்கி வந்து. "கம்பளம் மறைச்சிடுச்சு. நம்பர் எழுதிக்கோங்க." இருவரும் எண்களை மாற்றிக்கொண்டார்கள். காவலாளி காலால் சில்லுகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார்.

வண்டிக்குள் பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"அத்தனை பேர் முன்னாடியா?"

"அதுக்கு? என்னைக் காப்பாத்தறேன்னு என்னைப் பைத்தியமாக் கத்தவிட்டீங்களே!"

பதில் வருவதற்குள் தம்பி கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் அவன் குரல் குதூகலமாக இருந்தது. "என்னக்கா, வண்டி முழுசா இருக்கா? இல்ல, மாமா யாருக்காவது தானம் பண்ணிட்டாரா?"

கணவன் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டிச் சைகை செய்தான். என் மேல் போட்டுவிடு. உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான்.

போட்டுவிடலாம். தம்பி ஆச்சரியப்படக்கூட மாட்டான். அடுத்து வீட்டில் எல்லாரும் கூடும்போது புதிதாக ஒரு கேலி கிடைக்கும். இவனும் சேர்ந்து சிரிப்பான்.

"டேய், பின்விளக்கு போச்சு. பம்பரும் நசுங்கிடுச்சு" என்றாள். "இடிச்சவர் நம்பர் வாங்கியிருக்கேன். ஆனா வண்டிய வெளிய நீட்டி நிறுத்த வச்சது நான். மாமா உள்ள போடணும்னு சொன்னார், நான்தான் கேக்கல. படம் அனுப்பறேன், பார்த்துக்கோ. இதுக்கு அவரைக் கேலி பண்ணின, நான் சும்மா இருக்க மாட்டேன்."

"மாமாவும் பக்கத்துல கேட்டுட்டு இருக்காராக்கா?" என்றது குரல், குதூகலம் வடிந்து.

"இருக்கார்" என்று வைத்துவிட்டாள். கோடும் சக்கரமும் நன்றாகத் தெரிகிற படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள்.

கணவன் சாவியைத் திருப்பினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"அந்த வார்த்தைய மட்டும் சொன்னீங்க, இங்கயே இறங்கிடுவேன்."

வாயை மூடிக்கொண்டான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான், திரும்பியும் பார்த்தான். பிறகு, "விளக்கு எரியாது. நீ இறங்கிக் கை காட்டினா எடுத்துடுவேன்" என்றான்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, கோட்டுக்கு வெளியே போய் நின்று, அவள் கையைக் காட்டினாள்.